செக் இல்லாத விடை

கணக்குத் தாளில் தோற்றுவிட்டதாக முடிவு வந்த அன்று பெரியவள் அழவில்லை. அழ வேண்டுமானால் தோற்றுவிட்டோம் என்ற நம்பிக்கை முதலில் வர வேண்டும். அது அவளுக்கு வரவேயில்லை. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, மாலையில் தொழில்நுட்பக் கல்லூரி, நடுவில் பேருந்தில் நின்றபடியே படிப்பு என்று ஓடி எழுதிய பரீட்சை அது. மற்ற எல்லாத் தாளிலும் தேறியிருந்தாள். நில அளவைத் துறையில் உதவியாளர் வேலைக்கு அவளைத் தேர்ந்தெடுத்தும் வைத்திருந்தார்கள். மாதக் கடைசிக்குள் தேர்ச்சிச் சான்றிதழைக் கொண்டுபோய்க் காட்டினால் வேலை. இல்லாவிட்டால் அது அவளுக்குப் பின்னால் நிற்கிறவருக்குப் போய்விடும்.

விடைத்தாளின் நகலுக்கு எழுதிப்போட்டு வாங்கினாள். சாப்பாட்டு மேசைமேல் அதை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவளுடைய அப்பா வேலை முடிந்து வந்தார். நகரப் பேருந்து ஓட்டுநர். அதிகாரி என்றால் அவருக்கு எதிரே வருகிற சரக்கு லாரி மாதிரி. ஒதுங்கி வழிவிட்டால் இரண்டு பேருக்கும் நல்லது என்று நினைக்கிறவர்.

"எங்கம்மா போச்சு மார்க்கு?"

அவள் விரலால் காட்டினாள். ஒரு கேள்விக்கு எதிரே சிவப்பு மையில் பெரிய பூஜ்யம். பக்கத்தில் அழகான கையெழுத்தில் இரண்டு சொற்கள்: செக் இல்லை.

"என்ன செக்கு? பரீட்சைக் கட்டணத்த நாம பணமாத்தானே கட்டினோம்?"

"அந்த செக் இல்லப்பா. இது கணக்குல வர்ற செக்." பெரியவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நீங்க மேம்பாலத்துல பஸ்ஸை ஏத்துறீங்கல்ல, அந்த ஏத்தம் எவ்வளவு செங்குத்தா இருக்குன்னு சொல்றதுக்கு டேன்னு பேரு. கோணம் மாறும்போது அந்த டேன் எவ்வளவு வேகமா மாறுதுன்னு சொல்றது வகைக்கெழு. அந்த வகைக்கெழுவ செக் வர்க்கம்னு எழுதலாம். ஒன்று கூட்டல் டேன் வர்க்கம்னும் எழுதலாம். ரெண்டும் ஒண்ணுதான். நான் ரெண்டாவதா சொன்ன மாதிரி எழுதினேன். மூணே வரில கணக்கு முடிஞ்சிருச்சு."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "உன்னை வீட்ல பெரியவள்னு கூப்பிடுறோம், காலேஜ்ல உன் பேரச் சொல்லிக் கூப்பிடுறாங்க. அந்த மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"அட, இவ்வளவுதானா. அப்ப நேர்ல போய்ச் சொன்னாப் போதுமே."

சொன்னால் போதும் என்று அவர் நம்பியதற்குக் காரணம், அவர் அதுவரை தேர்வு வாரியத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை.

வாரியத்தின் கட்டடம் வெளியிலிருந்து பார்த்தால் மாளிகை, உள்ளே போனால் கிடங்கு. வாசலில் வழவழப்பான கல்தூண்கள். அவற்றைத் தாண்டியதும் கூரை வரைக்கும் அடுக்கிய காகிதக் கட்டுகளும், அவற்றுக்கு நடுவே மனிதர்கள் ஒருக்களித்து நடந்துபோகிற சந்துகளும். விசாரணை என்று எழுதிய ஜன்னலுக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அந்த ஜன்னலிலேயே பல காலம் இருந்ததால் அவரை எல்லோரும் ஜன்னல்காரர் என்றே சொல்வார்கள். பெரியவள் நகலை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. தலையை மட்டும் அதன் பக்கம் சாய்த்தார்.

"செக் இல்லைன்னு போட்டிருக்கே."

"ஆமா சார். ஆனா விடை சரி."

"தப்புன்னு யாரும்மா சொன்னாங்க? தப்பா இருந்தா தப்புன்னு எழுதியிருப்பாங்க. இல்லைன்னுதானே எழுதியிருக்கு? இல்லாதது இல்லைதானே?"

"செக் வேண்டியதே இல்ல சார் இதுக்கு. ஒன்று கூட்டல் டேன் வர்க்கம்னு எழுதினாலும் அதேதான்."

ஜன்னல்காரர் முதல் முறையாக நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "ரெண்டும் ஒண்ணுன்னு சொல்றீங்க."

"ஆமா."

"சான்றிதழ் இருக்கா?"

"எதுக்கு?"

"ரெண்டும் ஒண்ணுங்கிறதுக்கு." அவர் பொறுமையாக விளக்கினார். "பள்ளிக்கூடத்துல ஒரு பேரு, ரேஷன் கார்டுல ஒரு பேருன்னு இருந்தா, ரெண்டும் ஒரே ஆள்தான்னு சான்றிதழ் வாங்கிட்டு வரச் சொல்றோம்ல? இதுவும் அப்படித்தான். மாடில ஒருமை நிர்ணயப் பிரிவு இருக்கு. அங்க போங்க."

பெரியவள் திறந்த வாயை மூடவில்லை. அப்பா அவள் காதோரம், "நான் சொன்ன அதே உதாரணம்தான் இவரும் சொல்றாரு. விஷயம் தெரிஞ்சவரு போல" என்றார்.

ஒருமை நிர்ணயப் பிரிவில் ஒரு பெண் அதிகாரி இருந்தார். அறையில் ஒரே மின்விசிறி. அது அவரை மட்டும் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருமை அதிகாரி நல்ல மனுஷி. யாரையும் நிற்க வைத்துப் பேசமாட்டார். நாற்காலியும் கிடையாது என்பதால் வருகிறவர்களை வெளியே காத்திருக்கச் சொல்லிவிடுவார். இவர்களை என்னவோ உள்ளே கூப்பிட்டுவிட்டார்.

"யாரும்மா இந்த ரெண்டு பேரும்?"

"ஒருத்தர் செக் வர்க்கம். இன்னொண்ணு ஒன்று கூட்டல் டேன் வர்க்கம்." பெரியவளுக்கே தன் வாயிலிருந்து 'ஒருத்தர்' என்று வந்தது ஆச்சரியமாக இருந்தது.

"நேர்ல வந்திருக்காங்களா?"

"அது வர முடியாதுங்க மேடம். கணக்கு."

"சரி, சாட்சி? இவங்க ரெண்டு பேரையும் ரொம்ப காலமாத் தெரிஞ்ச, சமூகத்துல மதிப்புள்ள ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும்."

"உலகத்துல கணக்குப் படிச்ச எல்லாருக்கும் இது தெரியும் மேடம். இதுக்கு முற்றொருமைன்னே பேரு. எந்தக் கோணத்தப் போட்டாலும் ரெண்டும் சமமா வரும்."

அதிகாரியின் பேனா நின்றது. "எந்தக் கோணத்தப் போட்டாலும்னா?"

"நாப்பத்தஞ்சு பாகை போடுங்க. டேன் ஒன்று. அதோட வர்க்கமும் ஒன்று. ஒன்றும் ஒன்றும் ரெண்டு. செக் வர்க்கமும் அங்க ரெண்டுதான்."

அதிகாரி ஒரு தாளில் ஒன்றும் ஒன்றும் கூட்டிப் பார்த்தார். இரண்டு வந்தது. முகம் மலர்ந்தது. "ரொம்ப நல்லது. அப்ப நாப்பத்தஞ்சு பாகைக்குச் சான்றிதழ் தர்றதுல எனக்கு ஆட்சேபணை இல்ல."

"எல்லாக் கோணத்துக்கும் வேணும் மேடம்."

"அப்ப ஒவ்வொரு கோணத்துக்கும் தனித்தனியா விண்ணப்பம் போடுங்க."

"கோணத்துக்கு முடிவே கிடையாதே."

"அது உங்க கோணங்களோட பிரச்சினை. வாரியத்தோட பிரச்சினை இல்ல." அவர் குரலில் கோபம் இல்லை. "நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு முப்பது பாகைல இந்த ரெண்டும் வேற வேறயாப் போச்சுன்னா யாரு பதில் சொல்றது? நான்தானே? எனக்கு ஓய்வூதியம் இருக்கு."

முப்பது பாகையில் மூன்றில் நான்கு பங்காக, அதாவது ஒன்றும் மூன்றில் ஒன்றுமாக, இரண்டும் ஒன்றாகவே வரும் என்று பெரியவள் எழுதிக் காட்டினாள். பின்னத்தைப் பார்த்ததும் அதிகாரி தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பின்னம் வருகிற விஷயங்கள் தன் அதிகாரத்துக்கு மேற்பட்டவை என்றும், விடைக்குறிப்புக் குழுவின் முன்னால் விசாரணைக்கு வைப்பதாகவும் சொன்னார். மாதக் கடைசி நெருங்குகிறதே என்றாள் பெரியவள். அதனால்தான் அவசரம் என்று முத்திரை குத்தியிருப்பதாக அதிகாரி சொன்னார். வாரியத்தில் அந்த முத்திரை குத்தாத கட்டு எதுவும் கிடையாது.

விசாரணை நாளன்று அப்பா விடுப்புப் போட்டுவிட்டு வந்தார். தாழ்வாரத்தில் காத்திருந்தபோது, வெள்ளைச் சட்டையும் சட்டைப்பையில் பல வண்ணப் பேனாக்களுமாக ஒரு வயதானவர் பெரியவளிடம் வந்து நின்றார். விடைக்குறிப்பை எழுதிய பேராசிரியர். கணக்குப் பாடப் புத்தகத்தை எழுதியவரும் அவர்தான். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"உன் விடையப் பாத்தேன்மா. ரொம்ப அழகா இருக்கு. எனக்கே அந்த வழி தோணல."

பெரியவளுக்கு உடம்பெல்லாம் லேசானது. பரீட்சை எழுதிய பிறகு அந்த விடையைப் பற்றி அவள் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. "அப்ப உள்ள சொல்லிடுவீங்கல்ல சார்?"

பேராசிரியர் வலி வந்தவர்போல முகத்தைச் சுளித்தார். "உள்ள எப்படிம்மா சொல்றது? என் புத்தகத்துல அந்த வழி இல்லியே. புத்தகத்துல இல்லாதது சரின்னா, புத்தகத்துல ஏன் இல்லைன்னு கேப்பாங்க. அடுத்த பதிப்பு இப்பத்தான் அச்சுக்குப் போகுது." பிறகு இன்னும் தாழ்ந்த குரலில், "நான் இப்படிச் சொன்னேன்னு வெளிய சொல்லிடாத" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

நீளமான மேசைக்குப் பின்னால் மூன்று பேர் உட்கார்ந்தார்கள். நடுவில் வாரியத்தின் தலைவர், ஒரு பக்கம் பேராசிரியர், மறுபக்கம் சட்ட ஆலோசகர். எதிரே பெரியவளுக்கு ஒரு முக்காலி. அப்பா சுவரோரம் நின்றார்.

தலைவர் கணக்குப் படித்தவரல்லர். அதை அவர் ஒளித்ததுமில்லை. "கணக்குத் தெரிஞ்சவங்க கணக்கு விஷயத்துல ஒருதலைப்பட்சமா நடந்துக்குவாங்க" என்று தொடக்கத்திலேயே சொன்னார். "அதனாலதான் அரசாங்கம் என்னை இங்க போட்டிருக்கு. எனக்கு எந்த எண்ணோடயும் சொந்தம் கிடையாது, பகை கிடையாது. நீங்க பயப்படாமப் பேசலாம்."

பெரியவள் பேசினாள். தடுமாறவில்லை. ஒரு செங்கோண முக்கோணத்தை வரைந்து, அடிப்பக்கத்தை ஒன்று என்று வைத்துக்கொண்டால் உயரம்தான் டேன், சாய்ந்த பக்கம்தான் செக் என்று காட்டினாள். அடியின் வர்க்கமும் உயரத்தின் வர்க்கமும் சேர்ந்தால் சாய்ந்த பக்கத்தின் வர்க்கம். ஒன்றும் டேன் வர்க்கமும் சேர்ந்தால் செக் வர்க்கம். அவ்வளவுதான் விஷயம். சுவரோரம் நின்ற அப்பாவுக்கே அது புரிந்துவிட்டது. புரிந்த சந்தோஷத்தில் தலையை ஆட்டினார். தலைவர் அவரைப் பார்த்ததும் ஆட்டுவதை நிறுத்திக்கொண்டார்.

சட்ட ஆலோசகர் தொண்டையைச் செருமினார். "தொண்ணூறு பாகைல என்ன ஆகுது?"

"அங்க டேனும் கிடையாது, செக்கும் கிடையாது சார்."

"கிடையாது." அவர் அந்தச் சொல்லை எழுதிக்கொண்டார். "ரெண்டுமே அங்க இல்ல. இல்லாத ஒருத்தரும் இல்லாத இன்னொருத்தரும் சமம்னு நீங்க வாரியத்த ஒத்துக்கச் சொல்றீங்க. நாளைக்கு எழுதாத ரெண்டு பேர் வந்து, நாங்க ரெண்டு பேரும் சமம், எங்களுக்கும் மார்க் போடுங்கன்னு நின்னா?"

"அந்தக் கோணத்த விட்டுட்டுத்தான் சார் சொல்றோம். எல்லாப் புத்தகத்துலயும் அப்படித்தான்."

"விட்டுட்டா? அப்ப எந்தக் கோணமும்னு சொன்னது பொய்." அவர் தலைவரைப் பார்த்துத் திருப்தியாகச் சாய்ந்துகொண்டார்.

தலைவர் கையை உயர்த்தினார். அவர் பேசப்போகிறார் என்று தெரிந்ததும் பேராசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இங்க பாரும்மா. உன் விடை சரியா தப்பாங்கிறது சின்ன விஷயம். அதுக்குள்ள நான் போகவே மாட்டேன். நான் பெரிய விஷயத்தச் சொல்றேன். ஒரு கேள்விக்கு ஒரு விடைதான் இருக்கணும். அந்த விடைக்கு ஒரு வழிதான் இருக்கணும். ஏன்? ரெண்டு வழி இருந்தா, திருத்துறவரு ரெண்டையும் படிக்கணும். படிச்சாப் போதுமா? புரிஞ்சுக்கணும். திருத்துறவங்க எல்லாம் புரிஞ்சுக்க ஆரம்பிச்சா முடிவு எப்ப வர்றது? லட்சக்கணக்கான தாளு. இந்த வாரியம் இவ்வளவு காலமா குறிச்ச தேதில முடிவு வெளியிடுதுன்னா அதுக்கு ஒரே காரணம், இங்க யாரும் எதையும் படிக்கிறதில்ல. விடைக்குறிப்புல என்ன வார்த்தை இருக்கோ அது தாள்ல இருக்கான்னு பாப்போம். இருந்தா மார்க்கு. இல்லைன்னா இல்லை. இதவிட நேர்மை எங்க கிடைக்கும்?"

"ரொம்பச் சரி சார்" என்றார் சட்ட ஆலோசகர்.

பெரியவள் முக்காலியை விட்டு எழுந்தாள். அவள் கையில் விடைக்குறிப்பின் பிரதி இருந்தது. வாரியமே அச்சிட்டு வெளியிட்டது. "சார், உங்க விடைக்குறிப்புல இந்தக் கணக்கோட கடைசி வரியப் பாருங்க. அதுக்கு முந்தின வரில செக் வர்க்கம்னு இருக்கு. கடைசி வரில அது ஒன்று கூட்டல் டேன் வர்க்கமா மாறியிருக்கு. ரெண்டும் ஒண்ணுங்கிறத நீங்களே பயன்படுத்தியிருக்கீங்க. நான் முதல் வரில பண்ணினத நீங்க கடைசி வரில பண்ணியிருக்கீங்க. வேற வித்தியாசமே இல்ல."

தலைவர் பிரதியை வாங்கி, கண்ணருகே கொண்டுபோய், தூரத்தில் வைத்து, மறுபடி கண்ணருகே கொண்டுவந்தார்.

"பேராசிரியரே, இந்தப் பொண்ணு சொல்றது உண்மையா?"

பேராசிரியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "உண்மைன்னு சொல்ல முடியாது சார். சரின்னு வேணா சொல்லலாம்."

"அப்ப சான்றிதழ் இல்லாத ஒரு சமன்பாட்ட விடைக்குறிப்புல நுழைச்சிருக்கீங்க."

"எல்லாரும் எழுதுறதுதானேன்னு..."

"எல்லாரும்." தலைவர் பிரதியைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. பெரியவள் அதைப் பார்த்து, விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்தாள். அப்பாவும் அப்படித்தான் நினைத்தார். வாசல் வரைக்கும் வந்ததும், "பாத்தியா, பொறுமையாச் சொன்னா எல்லாரும் கேப்பாங்க" என்றுகூடச் சொன்னார்.

தீர்ப்பு அந்த வாரத்திலேயே வெளிவந்தது. வாரியம் யாருக்கும் பாரபட்சம் காட்டுவதில்லை. ஒரு மாணவிக்கு மறுக்கப்பட்ட சலுகை மற்றவர்களுக்கு மட்டும் வழங்கப்பட்டிருப்பது வருந்தத்தக்கது. எனவே விடைக்குறிப்பின் கடைசி வரி நீக்கப்படுகிறது. அந்த வரியை எழுதி மதிப்பெண் பெற்ற அனைவரிடமிருந்தும் அந்த மதிப்பெண் திரும்பப் பெறப்படுகிறது. இந்தக் குறையைச் சுட்டிக்காட்டிய மாணவிக்கு வாரியம் தன் பாராட்டைத் தெரிவித்துக்கொள்கிறது.

அந்த ஒரு வரியை நம்பிக் கரையேறியிருந்தவர்கள் கூட்டங்கூட்டமாகத் தோற்றார்கள். அதில் ஒருத்தி, அப்பாவின் பேருந்து நடத்துநருடைய மகள்.

நடத்துநரும் அப்பாவும் பல வருஷமாக ஒரே வண்டியில் ஓடுகிறவர்கள். ஒரு டீயை இரண்டாக ஊற்றிக் குடிக்கிறவர்கள். தீர்ப்பு வந்த மறுநாள் நடத்துநர் வண்டியில் ஏறினார், அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை. நிற்கச் சொல்ல ஒரு மணி, போகச் சொல்ல இரண்டு மணி. அதற்கு மேல் இருவருக்கும் இடையில் பேச்சு இல்லை. மணியைக்கூட அவர் அடித்த அடியில் கோபம் இருந்தது. வழக்கமாக இறங்குகிற பெரியவர் ஒருவர் அப்பாவிடம் குனிந்து, "ரெண்டு பேருக்கும் என்னப்பா தகராறு?" என்று கேட்டார்.

"டேன் வர்க்கம்" என்றார் அப்பா. பெரியவர் ஏதோ குடும்ப விவகாரம் என்று நினைத்துப் பேசாமல் இறங்கிப்போனார்.

வீட்டுக்கு வந்து அப்பா முதல் முறையாக மகளிடம் குரலை உயர்த்தினார். "நீ பாட்டுக்கு மறுபடியும் எழுதித் தொலைச்சிருக்கலாம். அவங்க கேக்குற அந்த செக்க எழுதிட்டுப் போனா என்ன குறைஞ்சு போயிருக்கும்? இப்பப் பாரு, நல்லா இருந்த பிள்ளைங்கள எல்லாம் கெடுத்துவிட்டுட்ட."

"நானாப்பா கெடுத்தேன்?"

யார் கெடுத்தது என்று அப்பாவுக்குத் தெரியும். ஆனால் தெரிந்தவர்களிடம்தானே கோபித்துக்கொள்ள முடியும். வாரியத்திடம் போய்க் கோபித்துக்கொள்ள எந்த ஜன்னலில் நிற்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. பெரியவள் சாப்பிடாமல் எழுந்து போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நடத்துநர் தன் மகளுடன் வாசலில் வந்து நின்றார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். ஆனால் பேசியது அந்தப் பெண்.

"அக்கா, நான் ஒண்ணே ஒண்ணு கேக்க வந்தேன். அந்தக் கடைசி வரி சரிதானே? நான் அத மனப்பாடம் பண்ணித்தான் எழுதினேன். ஏன் அப்படி மாறுதுன்னு எனக்குத் தெரியாது."

பெரியவள் அவளை உள்ளே கூப்பிட்டு, அதே முக்கோணத்தை வரைந்து காட்டினாள். அடி ஒன்று, உயரம் டேன், சாய்வு செக். அந்தப் பெண் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இவ்வளவுதானா? இத ஏன் எங்களுக்கு யாருமே சொல்லல?" என்றாள். அவள் கண் சிவந்துவிட்டது. தோற்றபோது வராத ஆத்திரம் அப்போது வந்தது. நடத்துநர் வாசலில் நின்றபடியே, "நாளைக்கு எல்லாப் பிள்ளைங்களும் வாரியத்துக்குப் போறாங்களாம். நம்ம ரெண்டு பேருக்கும் மதியம்தானே வண்டி?" என்று அப்பாவிடம் கேட்டார்.

மறுநாள் வாரியத்தின் வாசலில் கால் வைக்க இடமில்லை. தோற்றவர்களும் பெற்றவர்களும் அண்ணன் தம்பிகளுமாகத் தெரு நிறைந்துவிட்டது. யாரோ வாசல் கல்தூணில் கரியால் முக்கோணம் வரைந்தார்கள். பார்த்தவர்களெல்லாம் ஆளுக்கொரு தூணில் வரைந்தார்கள். உள்ளேயிருந்து ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடின. வெயில் ஏறிய பிறகு மாடி முகப்பில் தலைவர் வந்து நின்றார். கையில் ஒலிபெருக்கி.

"மாணவச் செல்வங்களே, உங்க வேதனை எனக்குப் புரியுது. இவ்வளவு வேதனைக்கும் காரணம் யாரு? நாங்களா? இல்ல. நீங்களா? நிச்சயமா இல்ல. அந்தக் கேள்விதான் காரணம். அந்தக் கேள்வி இல்லாம இருந்திருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. அதனால, அந்தக் கேள்வி கேக்கப்படவே இல்லைன்னு வாரியம் ஒருமனதா முடிவு பண்ணியிருக்கு. கேக்காத கேள்விக்கு யாரும் தப்பா விடை எழுத முடியாது. அதனால எல்லாருக்கும் முழு மதிப்பெண். எழுதினவங்களுக்கும் உண்டு, எழுதாதவங்களுக்கும் உண்டு. இந்த வாரியத்துல ஏற்றத்தாழ்வு கிடையாது."

கூட்டம் ஆரவாரித்தது. நடத்துநர் அப்பாவைக் கட்டிக்கொண்டார். நடத்துநரின் மகள் அழுதாள், சிரித்தாள். தோளில் ஏற்றாத குறையாகப் பெரியவளைச் சுற்றிக்கொண்டார்கள். "பாஸ் ஆயிட்ட கண்ணு, பாஸ் ஆயிட்ட" என்று அப்பா திரும்பத் திரும்பச் சொன்னார்.

"விடை சரின்னு அவர் சொல்லலியேப்பா" என்றாள் பெரியவள். அந்தச் சத்தத்தில் அது யார் காதிலும் விழவில்லை.

சான்றிதழ் வாங்கப் போனபோது, ஜன்னல்காரர் அதோடு ஒரு காகிதத்தையும் சேர்த்து நீட்டினார். அப்போது அவள் தனியாகப் போயிருக்கவில்லை. அப்பா பக்கத்திலேயே நின்றார். மாதம் முடிய இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. விசாரணை வரைக்கும் போனவங்க நீங்க ஒருத்தர்தான். அதனால உங்களுக்கு மட்டும்."

பெரியவள் வாசித்தாள். மேற்படி கேள்விக்கு நான் எந்த விடையும் எழுதவில்லை என்று இதன் மூலம் உறுதியளிக்கிறேன்.

"நான் எழுதினேனே."

"கேக்காத கேள்விக்கு எப்படிம்மா எழுத முடியும்? எழுதினதா இருந்தா கேள்வி இருந்ததா ஆயிடும். கேள்வி இருந்ததுன்னா மறுபடி மொத்தமும் ஆரம்பத்துலேருந்து வரும்." அவர் பேனாவை ஜன்னல் வழியாகத் தள்ளினார். "சும்மா ஒரு சம்பிரதாயம்."

பெரியவள் பேனாவைத் தொடவில்லை. "போட மாட்டேன் சார்."

நாளைக்குள் இந்தக் காகிதம் நில அளவை அலுவலகத்தில் இருக்க வேண்டும். போட்டுத் தொலை என்று சொல்ல அப்பாவுக்கு வாய் வரைக்கும் வந்தது. மகளைப் பார்த்தார். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் செய்யாத தப்புக்கு நிற்கிற பிள்ளை மாதிரி நின்றாள். அவர் ஜன்னலுக்குக் குனிந்தார்.

"எழுதினா சார் அவ. நான் பாத்தேன். மூணு வரி."

ஜன்னல்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கையெழுத்துப் போட மறுக்கிறவர்களை என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதுவரைக்கும் யாரும் மறுத்ததில்லை. சான்றிதழைத் திருப்பி அனுப்ப வேண்டுமானால் ஏன் என்று காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் கேள்வி வந்துவிடும். பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. சாப்பாட்டு நேரமும் நெருங்கிவிட்டது.

"என் பையனும் இந்தத் தடவை எழுதினான்" என்றார் திடீரென்று. "அந்தக் கேள்விக்கு ஒண்ணுமே எழுதல. வெறும் பக்கம். முழு மார்க்கு. வீட்ல ரொம்பச் சந்தோஷம்." பிறகு காகிதத்தை உருவி எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டு, சான்றிதழை மட்டும் வெளியே தள்ளினார். "எடுத்துட்டுப் போம்மா. நீ இன்னைக்கு வரவே இல்லைன்னு எழுதிக்கிறேன்."

பெரியவள் வேலையில் சேர்ந்தாள். முக்காலியும் தொலைநோக்கியுமாக ஊர் ஊராகப் போய் மேட்டையும் பள்ளத்தையும் அளக்கிற வேலை. பிடித்திருந்தது. அவள் அளந்த மேடுகளில் எதுவும் செக் எங்கே என்று கேட்கவில்லை. நடத்துநரும் அப்பாவும் பழையபடி டீயை இரண்டாக ஊற்றிக் குடித்தார்கள். அத்தோடு அவள் விஷயத்தை விட்டிருக்கலாம். வீட்டில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள்.

அவள் விடவில்லை. மாதம் பிறந்ததும் தேர்வு வாரியத்துக்கு ஒரு மனுப் போட்டுவிடுவாள். சலுகை எதுவும் வேண்டாம், மதிப்பெண் வேண்டாம், மன்னிப்பும் வேண்டாம். நான் எழுதிய விடை சரியா தவறா என்று மட்டும் சொல்லுங்கள். கீழே அந்த மூன்று வரி.

சரி என்று சொன்னால் அவளைத் தோற்கடித்தது தவறாகிவிடும். தவறு என்று சொன்னால் கணக்கு தெரிந்த யாராவது சிரிப்பார்கள். இரண்டுக்கும் நடுவில் மனுக்கள் சேர்ந்துகொண்டே போயின. கடைசியில் தலைவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பதில் தேவைப்படாத மனுக்கள் பிரிவு என்று மாடியில் புதிதாக ஒன்று திறக்கப்பட்டது. தனி அறை, மின்விசிறி, கூப்பிடு மணி, எடுபிடிக்கு ஓர் ஆள். விஷயம் கணக்கு சம்பந்தப்பட்டது என்பதால் அனுபவசாலி ஒருவர் தேவைப்பட்டார். அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்த பேராசிரியரையே கூப்பிட்டுப் பிரிவின் தலைமையில் உட்காரவைத்தார்கள்.

அவர் தினமும் காலையில் நேரத்துக்கு வந்துவிடுகிறார். பெரியவளின் மனுவை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த மூன்று வரியையும் நிதானமாக வாசிக்கிறார். சில நாள் தன்னை மறந்து தலையாட்டவும் செய்கிறார். பிறகு அதை மடித்து உறையில் போட்டுவிட்டு, மாலை வரைக்கும் பதில் எழுதாமல் இருந்துவிட்டு வீட்டுக்குப் போகிறார்.